நாலு டெஸ்க்டாப்புக்கு ஒரே மெனு: மஞ்சக்குப்பம் கடையில் செய்த வேலை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. நடத்துவது ஓர் அக்கா. கடையில் நாலு கம்ப்யூட்டர், நாலிலும் லினக்ஸ், நாலிலும் வெவ்வேறு டெஸ்க்டாப், அதாவது மெனு, பேனல், ஐகான்களைத் திரையில் காட்டும் மென்பொருள். யாரும் யோசித்து இப்படி அமைக்கவில்லை. வாங்கிய காலமும் உட்கார்ந்த ஆளும் சேர்ந்து அப்படி ஆக்கிவிட்டது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நிவாரண மனு எழுதக் கூட்டம் மொய்த்த நேரத்தில் அவசரமாக வாங்கிய செகண்ட் ஹேண்ட் பெட்டியில் ராம் 2 ஜிபிதான், அதனால் அதில் எல்எக்ஸ்க்யூடி. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் இருக்கும் 4 ஜிபி பெட்டியில் எக்ஸ்எஃப்சிஇ. போட்டோ வேலை பார்க்கும் தம்பி தன் சிஸ்டத்தில் கேடிஇ பிளாஸ்மா போட்டு, பேனல் நிறம் வரை இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறான். அக்காவின் லேப்டாப்பில் உபுண்டுவோடு வந்த க்னோம்.

மற்ற நாட்களில் இதனால் தொந்தரவு இல்லை, அவரவர் சீட்டில் அவரவர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அன்றைக்குக் காலையிலேயே கடை நிரம்பிவிடும், எந்த சீட் காலியோ அதில்தான் உட்கார வேண்டும். அப்போதுதான் "இதுல ஸ்கேன் எங்கண்ணா இருக்கு?" என்று எனக்குப் போன் வரும். ஒன்றில் கிராஃபிக்ஸ் என்ற தலைப்புக்குள், இன்னொன்றில் ஐகான் கட்டங்களின் இரண்டாம் பக்கத்தில், வேறொன்றில் பெயரே வேறு. போனில் வழி சொல்லி மாளாது.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி போட்டுடேன் தம்பி" என்றார் அக்கா என்னிடம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 2 ஜிபி பெட்டியில் க்னோம் மூச்சு விடாது. போட்டோ தம்பியிடமிருந்து பிளாஸ்மாவைப் பிடுங்கினால் அவன் வேலையை விட்டுப் போனாலும் போவான். அக்காவுக்கே லேப்டாப்பில் மூன்று விரலால் தள்ளிப் பழகிவிட்டது. டெஸ்க்டாப்பைத் தொடாமல் மெனுவை மட்டும் ஒன்றாக்குவது என்று முடிவானது.

மெனு எங்கிருந்து வருகிறது

பாதைகளையும் சொற்களையும் வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் வழக்கமான வடிவம்.

ஒரு புரோகிராம் நிறுவப்பட்டதும் யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் அதற்கென ஒரு டெஸ்க்டாப் ஃபைல் உட்காரும். சாதாரண டெக்ஸ்ட்தான். நேம் என்ற வரியில் பெயர், எக்ஸெக் வரியில் இயக்க வேண்டிய கட்டளை, ஐகான், கடைசியாகக் கேட்டகரீஸ் வரியில் அது எந்தெந்தப் பிரிவைச் சேர்ந்தது என்ற பட்டியல். தலைப்புகளை அமைப்பது இன்னொரு ஃபைல்: ஈடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸ் ஃபோல்டரில் இருக்கும் மெனு ஃபைல். ‘ஆபீஸ் என்ற பிரிவு எழுதிய எல்லாவற்றையும் இந்தத் தலைப்பின்கீழ் காட்டு’ என்பது போன்ற விதிகள் அதில் எக்ஸ்எம்எல்லாக இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ தன் முன்னொட்டு சேர்த்து ஒரு மெனு ஃபைல் வைத்துக்கொள்கிறது, எல்எக்ஸ்க்யூடி தனக்கென ஒன்று, மற்றவையும் அப்படியே. டெஸ்க்டாப் ஃபைல்கள் மட்டும் எல்லாருக்கும் பொது.

இந்தப் பொதுமை தானாக வந்ததல்ல. ஹாவோக் பென்னிங்டன் 2000-இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் முயற்சியில் க்னோம், கேடிஇ இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்ட வரையறைகளில் இதுவும் ஒன்று. அதற்கு முன்பே டெபியன் என்ற லினக்ஸ் வகைக்குச் சொந்தமாக ஒரு மெனு முறை இருந்தது. டெஸ்க்டாப் ஃபைல் இருக்கும் பேக்கேஜ் (நிறுவத் தயாரான புரோகிராம் தொகுப்பு) பழைய மெனு ஃபைலையும் சேர்த்துத் தூக்கித் திரிய வேண்டாம் என்று 2015-இல்தான் அவர்களின் தொழில்நுட்பக் குழு முடிவு சொன்னது.

ஒரே புரோகிராம் இரண்டு மூன்று தலைப்பில் தலைகாட்டுவதற்கும் இதுதான் காரணம். லிப்ரேஆபீஸ் டிராவின் பட்டியலில் ஆபீஸும் இருக்கிறது, கிராஃபிக்ஸும் இருக்கிறது. பிடிஎஃப் திறக்கும் ஆக்குலரும் எவின்ஸும் அப்படியே. ஸ்கேனிங் என்ற உட்பிரிவை வரையறை கிராஃபிக்ஸோடு சேர்த்திருக்கிறது. எழுதியவர்கள் பார்வையில் சரி. மனுவோடு ஆதார் நகலை ஸ்கேன் செய்கிற பெண்ணுக்கு அது ஏன் படம் வரையும் கூட்டத்தோடு இருக்கிறது என்று தோன்றுவதும் சரிதான்.

பல டெஸ்க்டாப்களுக்கு மெனு எடிட்டர் உண்டு. எக்ஸ்எஃப்சிஇக்கு மெனுலிப்ரே, கேடிஇக்குக் கேமெனுஎடிட், க்னோம் பக்கம் அலகார்ட்டே. அந்த வழியில் நான் போகவில்லை. மெனுலிப்ரே, ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்எஃப்சிஇக்கு மட்டுமான மெனு ஃபைலை எழுதும். கேமெனுஎடிட் தனக்கென வேறு பெயரில் ஒன்றை எழுதும். அலகார்ட்டே மாற்றும் தலைப்புகளை க்னோமின் ஐகான் கட்டம் சட்டையே செய்யாது. ஒரு ஐட்டம் சேர்க்க நாலு இடத்தில் கிளிக் செய்துகொண்டிருக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர் என்றால் மெனுலிப்ரே அருமையான கருவி, குறை சொல்ல மாட்டேன். கடைக்கு அது ஒத்துவராது.

புரோகிராம் பெயர் வேண்டாம், வேலை பெயர் வேண்டும்

கடையில் யாரும் ‘ரைட்டரைத் திற’ என்று சொல்வதில்லை. ‘மனு போடு’, ‘ஸ்கேன் எடு’, ‘பாஸ்போர்ட் சைஸ் போடு’, ‘பிரிண்ட் நிக்குது பாரு’ என்பதுதான் பேச்சு. இருக்கும் நூறு ஐட்டங்களை அடுக்கி வைப்பதைவிட, இந்தப் பேச்சுக்கு ஏற்ற பத்துப் பதினைந்து ஐட்டங்களைப் புதிதாக எழுதி, ‘கடை’ என்று ஒரு தனித் தலைப்பில் போடுவது போதும் என்று தோன்றியது. மிச்ச மெனு அந்தந்த டெஸ்க்டாப்பின் விருப்பம்போல் கிடக்கட்டும்.

அதற்குச் சொந்தமாக ஒரு பிரிவுப் பெயர் வேண்டும். வரையறையில் இல்லாத பிரிவை எழுதினால் முன்னால் எக்ஸ் போட்டு ஒரு சிறு கோடு போட வேண்டும் என்பது விதி. எக்ஸ்-கடை என்று வைத்தேன். எல்லா ஐட்டத்திலும் கேட்டகரீஸ் வரியில் அது மட்டும்தான், முடிவில் அரைப்புள்ளியோடு. அந்த அரைப்புள்ளி விட்டுப்போனால் டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் என்ற கருவி சொல்லிவிடும். ஒவ்வொரு ஃபைலையும் எழுதியதும் அதில் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. முதன்மைப் பிரிவு எதுவும் இல்லையே, இது எல்லாவற்றையும் வாரிப்போடும் தலைப்பில் மட்டும் தெரியலாம் என்றும் ஒரு குறிப்பு காட்டும். நம் வேலைக்கு அது பரவாயில்லை.

மனு ஐட்டத்தின் எக்ஸெக் வரி லிப்ரேஆபீஸைக் கூப்பிட்டு, ஓடிடி (.ott) என்று முடியும் டெம்ப்ளேட் ஃபைலைக் கொடுக்கிறது. அந்த வகை ஃபைலைத் திறந்தால் அதன் நகலாகப் பெயரில்லாத புது டாக்குமென்ட் வரும், மூலம் கெடாது. அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், தேதி எல்லாம் தயாராக இருக்கும். விவரத்தை நிரப்பினால் போதும்.

பிரிண்ட் வரிசைக்குத் தனி புரோகிராம் எதுவும் தேடவில்லை. லினக்ஸில் பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் கப்ஸ், லோக்கல்ஹோஸ்ட் (அதாவது அதே கம்ப்யூட்டர்) 631 போர்ட்டில் ஒரு வெப் பக்கம் வைத்திருக்கிறது. எக்ஸ்டிஜி-ஓபன் என்ற கட்டளைக்கு அந்த முகவரியைக் கொடுத்தால் எந்த டெஸ்க்டாப்பாக இருந்தாலும் அதன் பிரவுசரில் திறக்கும். அரசு சேவை வெப்சைட்களுக்கும் இதே வழிதான். டெஸ்க்டாப் ஃபைலில் டைப் என்ற வரிக்கு லிங்க் என்றும் ஒரு வகை இருக்கிறது, யூஆர்எல்லுக்காகவே உள்ளது. பார்த்ததும் இதுதான் சரி என்று தோன்றும். ஆனால் லிங்க் வகை ஃபைல்கள் மெனுவில் வராது. வகை அப்ளிகேஷன் என்றே இருக்க வேண்டும், யூஆர்எல் எக்ஸெக் வரிக்குள் போக வேண்டும்.

எக்ஸெக் வரி டெர்மினல் மாதிரி இருக்கும், ஆனால் டெர்மினல் இல்லை. ஹோமைக் குறிக்கும் டில்டே குறி அங்கே விரியாது, டாலர் போட்ட மாறிகளும் விரியாது. முழுப் பாதை எழுத வேண்டும், அல்லது எஸ்எச்-சி என்று ஷெல்லைக் கூப்பிட வேண்டும். சதவீதக் குறிக்கு அங்கே தனி அர்த்தம் உண்டு: சிறிய எஃப் சேர்ந்தால் ஒரு ஃபைல், பெரிய யூ சேர்ந்தால் யூஆர்எல் பட்டியல். ஆகவே யூஆர்எல்லில் சதவீதக் குறி வந்தால் அதை இரட்டித்து எழுத வேண்டும். அரசு வெப்சைட் முகவரிகளில் இடைவெளிக்குப் பதிலாகச் சதவீதம் 20 நிற்பது சகஜம். அப்படியே ஒட்டினால் கிளிக் செய்தும் சரியாகத் திறக்காது.

பெயருக்கு, நேம் வரிக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் டிஏ போட்டுத் தமிழ்ப் பெயர் எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் அது செஷன் தமிழில் ஓடினால்தான் எடுபடும். கடையில் நாலும் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. அதனால் நேம் வரியிலேயே தமிழை எழுதிவிட்டேன். ஃபைல் யூடிஎஃப்-8ஆக இருந்தால் போதும். எல்எக்ஸ்க்யூடி பெட்டியில் மட்டும் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் வந்தன. நோட்டோ தமிழ் எழுத்துரு போட்டதும் சரியானது. கீவேர்ட்ஸ் என்ற வரியில் ஸ்கேன், பிரிண்ட் என்பதை ஆங்கில எழுத்திலும் சேர்த்தேன். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் அடித்துப் பழகியவர்களுக்கும் கிடைக்க வேண்டுமே.

வரிசைக்கு ஒரு சின்னத் தந்திரம். மெனு ஃபைலில் லேஅவுட் என்ற பகுதியில் எது முன், எது பின் என்று எழுத முடியும். ஆனால் பெயருக்கு முன்னால் 01, 02, 03 என்று எண் போடுவது அதைவிட லேசு, அகர வரிசையில் அடுக்கும் எந்த மெனுவிலும் செல்லும். ‘01 மனு’, ‘02 ஸ்கேன்’, ‘03 போட்டோ’. அழகாக இல்லைதான். ஆனால் போனில் "ரெண்டாம் நம்பரை அமுக்கும்மா" என்று சொல்ல முடிகிறது.

ஐகானுக்குப் படத்தின் பாதை கொடுக்காமல் பிரிண்டர், ஸ்கேனர், கேமரா-போட்டோ என்ற பொதுப் பெயர்களைக் கொடுத்தேன். அந்தந்த டெஸ்க்டாப் தன் தீமில் இருக்கும் படத்தை எடுத்துக்கொள்ளும்.

எந்த ஃபோல்டரில் வைப்பது

பொதுவாகச் சொல்லப்படும் இடம் ஹோமுக்குள் இருக்கும், முன்னால் புள்ளி வைத்த லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ். அங்கே இருப்பதற்குத்தான் முதல் மரியாதை. சிஸ்டத்தில் அதே பெயரில் ஃபைல் இருந்தாலும் ஹோமில் இருப்பதே செல்லும். ஆனால் கடையில் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று யூசர்கள். ஒவ்வொருவர் ஹோமிலும் நகல் போட்டால் நாளை ஒன்றை மாற்றும்போது எங்கெங்கே போட்டோம் என்று தேட வேண்டும். யூஎஸ்ஆர்/ஷேரில் நேரடியாகக் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் பேக்கேஜ் மேலெழுதிவிடும்.

நடுவில் ஓர் இடம் இருக்கிறது: யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ். பேக்கேஜ் மேனேஜர் அங்கே எட்டிப் பார்க்காது. எல்லா யூசருக்கும் தெரியும். எக்ஸ்டிஜி-டேட்டா-டிர்ஸ் என்ற மாறியின் இயல்பு மதிப்பில் யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் முதலிலும் யூஎஸ்ஆர்/ஷேர் அடுத்தும் வருவதால், ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்தால் யூஎஸ்ஆர்/லோக்கலில் இருப்பதே ஜெயிக்கும். கடை ஐட்டங்கள் அத்தனையும் இங்கேதான். பென்டிரைவில் ஒரு ஃபோல்டர், நகலெடுக்க நாலு வரி ஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.

பிளாஸ்மா பெட்டியில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியது. அங்கே போட்டோ திருத்தும் கிம்ப் இரண்டு முறை தெரிந்தது, ஒன்று டிஸ்ட்ரோவின் (அதாவது நிறுவியிருக்கும் லினக்ஸ் வகையின்) பேக்கேஜ், இன்னொன்று ஃப்ளாட்பேக் என்ற பொதுத் தொகுப்பு முறையில் போட்டது. ஃபைல் பெயர் வேறு வேறு என்பதால் மெனு அவற்றை இரண்டு புரோகிராமாகவே பார்க்கிறது. ஃப்ளாட்பேக்கில் இருப்பதை மறைக்க அதே பெயரில் ஒரு ஃபைலை யூஎஸ்ஆர்/லோக்கலில் போட்டால் பலிக்காது. ஃப்ளாட்பேக் தன் ஃபோல்டர்களை அந்த மாறியில் யூஎஸ்ஆர்/லோக்கலுக்கும் முன்னால் செருகுகிறது. அதை மீற முடிவது ஹோம் ஃபோல்டர் ஒன்றுதான். அந்த ஒரு ஃபைல் மட்டும் தம்பியின் ஹோமில் இருக்கிறது.

தலைப்பை உருவாக்குவது

‘கடை’ தலைப்புக்கு வழி காட்டியது, விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் விட்டுப்போன குப்பை. எக்ஸ்எஃப்சிஇ பெட்டியில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைல்களைத் திறக்க ஒரு காலத்தில் வைனில் பேஜ்மேக்கர் போட்டிருந்தார்கள். அது போய் நாளாகியும் மெனுவில் தலைப்பு நின்றது. தோண்டினால் மூன்று இடத்தில் எச்சம்: ஹோமின் அப்ளிகேஷன்ஸுக்குள் வைன் என்ற ஃபோல்டர், டெஸ்க்டாப்-டைரக்டரீஸ் ஃபோல்டரில் தலைப்புப் பெயர்கள், ஹோமில் புள்ளி வைத்த கான்ஃபிக்/மெனுஸுக்குள் அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்ட் என்ற ஃபோல்டரில் சிறு சிறு மெனு ஃபைல்கள். அதே அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் வைன்-எக்ஸ்டென்ஷன் என்று தொடங்கும் ஃபைல்களும் இருந்தன. டெக்ஸ்ட் ஃபைலை இரட்டை கிளிக் செய்தால் வைனின் நோட்பேட் வந்து நிற்பது இவற்றால்தான். அனைத்தையும் கழித்துக்கட்டியதும் மெனு சுத்தம்.

அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்ட் ஃபோல்டர்தான் எனக்குத் தேவைப்பட்டது. டெஸ்க்டாப்பின் மூல மெனு ஃபைலைத் தொடாமல், அங்கே போடும் துண்டு மெனுவை அதோடு சேர்த்துக்கொள்வது வரையறையிலேயே உள்ள ஏற்பாடு. சிஸ்டம் முழுவதற்கும் என்றால் ஈடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸுக்குள் அதே பெயரில் ஃபோல்டர். அதில் பத்து வரிகூட இல்லாத ஒரு மெனு ஃபைல்: வெளியே ஒரு மெனு, அதற்குள் கடை என்ற மெனு, ‘எக்ஸ்-கடை என்ற பிரிவைச் சேர்’ என்று ஓர் இன்க்ளூட். காட்ட வேண்டிய பெயரும் ஐகானும் டைரக்டரி என்று முடியும் தனி ஃபைலில் போகும். அதன் இடம் யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்க்டாப்-டைரக்டரீஸ். சில டெஸ்க்டாப்கள் இந்த மெர்ஜ்ட் ஃபோல்டரைத் தங்கள் முன்னொட்டோடு சேர்த்துத் தேடக்கூடும் என்பதால், எல்எக்ஸ்க்யூடி முன்னொட்டோடு ஒரு சிம்லிங்க்கும் (அதே ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) போட்டு வைத்தேன். இருந்தால் நஷ்டமில்லை.

தலைப்பு வராமல், ஐட்டங்கள் மட்டும் ‘அதர்’ என்ற தலைப்பிலோ, கேடிஇயில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்பதிலோ கிடந்தால் பயப்பட வேண்டாம். வேறு எந்தத் தலைப்பும் ஏற்காதவை விழும் இடம் அது. டெஸ்க்டாப் ஃபைல்கள் சரி, மெனு ஃபைல் மட்டும் படிக்கப்படவில்லை என்று அர்த்தம். எங்குமே காணோம் என்றால் கோளாறு டெஸ்க்டாப் ஃபைலில். பாதி நேரம் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே தவற்றின் இடம் தெரிந்துவிடும். பிளாஸ்மா பழையதையே காட்டிக்கொண்டிருந்தால் கேபில்ட்சைகோகா கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும். பிளாஸ்மா 5 என்றால் பெயரின் முடிவில் 5, பிளாஸ்மா 6 என்றால் 6. அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் கட்டளையை இதற்கு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. அது எந்த வகை ஃபைலை எந்த புரோகிராம் திறக்கும் என்ற பட்டியலைத்தான் புதுப்பிக்கும், மெனுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

க்னோம் தனி ஜாதி. அதன் ஐகான் கட்டத்துக்கு மெனு ஃபைல் எதுவும் கணக்கில்லை. கட்டத்தில் தெரியும் ஃபோல்டர்கள் டிகான்ஃப் என்ற செட்டிங்ஸ் சேமிப்பில் இருக்கின்றன, ஜிசெட்டிங்ஸ் கட்டளையால் மாற்றலாம். ஆர்க்-க்னோம்-டெஸ்க்டாப்-ஆப்-ஃபோல்டர்ஸ் என்பதற்குள் ஃபோல்டர்-சில்ட்ரன் என்ற பட்டியல். முதலில் இருப்பதை வாசித்து, அதன் கடைசியில் நம் ஃபோல்டரைச் சேர்த்து எழுத வேண்டும், இல்லையென்றால் பழைய ஃபோல்டர்கள் கலைந்துபோகும். பிறகு அந்த ஃபோல்டருக்குப் பெயர். இங்கே எனக்கு ஓர் இனிய ஆச்சரியம். ஆப்களை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஃபோல்டருக்குக் கேட்டகரீஸ் என்றும் ஒரு கீ இருக்கிறது. அதில் எக்ஸ்-கடை என்று எழுதியதும் பதினைந்தும் தானாக உள்ளே வந்து உட்கார்ந்தன. மற்ற மூன்றுக்கும் எழுதிய அதே ஃபைல்கள், அதே பிரிவு. இந்த அமைப்பு யூசருக்கு யூசர் தனி என்பதால் அக்காவின் கணக்கில் மட்டும் செய்தேன்.

மறைக்க வேண்டியவை கொஞ்சம் இருந்தன. இதற்கு இரண்டு வரிகள் உண்டு, வித்தியாசம் தெரியாமல் போட்டால் வம்பு. ஹிடன் என்பதற்கு ட்ரூ கொடுத்தால் அந்த புரோகிராம் இல்லவே இல்லை என்று டெஸ்க்டாப் எடுத்துக்கொள்ளும். ஃபைலை ரைட் கிளிக் செய்து ‘ஓபன் வித்’ பார்த்தாலும் இருக்காது. நோடிஸ்ப்ளே என்பதற்கு ட்ரூ கொடுத்தால் மெனுவில் மட்டும் தெரியாது, இரட்டை கிளிக் வழக்கம்போல் திறக்கும். பிடிஎஃப் ரீடர், பட வியூவர் போன்றவற்றை யாரும் மெனுவிலிருந்து திறப்பதில்லை. அவற்றுக்கு நோடிஸ்ப்ளே. ஹிடனை நான் எங்கும் பயன்படுத்தவில்லை.

பிளாஸ்மா பெட்டியில் அவசரத்துக்கு எக்ஸ்எஃப்சிஇயும் இருக்கிறது. அதனால் இரண்டின் செட்டிங்ஸ் ஐட்டங்களும் கலந்து தெரிந்தன. கேடிஇயின் சிஸ்டம் செட்டிங்ஸ் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, நாட்ஷோஇன் (எதில் காட்டக் கூடாது) வரியில் எக்ஸ்எஃப்சிஇ என்று எழுதி யூஎஸ்ஆர்/லோக்கலில் போட்டதும் பிரிந்தது. எதிர்த்திசைக்கு ஒன்லிஷோஇன். இரண்டும் எக்ஸ்டிஜி-கரண்ட்-டெஸ்க்டாப் என்ற மாறியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கின்றன, எழுத வேண்டிய பெயரில் சந்தேகம் வந்தால் அந்த மாறியை எக்கோ செய்து பார்த்தால் தெரியும்.

இப்படி நகல் எடுத்து மாற்றுவதில் ஒரு பாதகமும் உண்டு. பேக்கேஜ் பின்னாளில் தன் எக்ஸெக் வரியை மாற்றினால் நம் நகல் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் இப்படியான நகல்களை முடிந்தவரை குறைத்து, எவை எவை என்று பென்டிரைவ் ஃபோல்டரிலேயே ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். டிஸ்ட்ரோவை அடுத்த வெர்ஷனுக்கு ஏற்றும்போது முதலில் அவற்றை நீக்கிவிட்டு, தேவையென்றால் புதிதாக நகல் எடுக்க வேண்டும். நாமாக எழுதிய கடை ஐட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

"எல்லாத்துலயும் ரெண்டாம் நம்பர் ஸ்கேன்தானே?" என்று ஒவ்வொன்றிலும் தட்டிப் பார்த்த அக்கா, வருமானச் சான்றுக்கும் ஒரு நம்பர் கேட்டிருக்கிறார். அதற்கான டெம்ப்ளேட்டை அவர் டைப் செய்து கொடுத்ததும் 16 சேரும்.